காட்டு மஞ்சளோட மொட்டு

கோடைமழை ஒரு தடவை பெஞ்சு ஓஞ்சுது. தேக்கங்காட்டுல மரமெல்லாம் இன்னும் மொட்டையா நிக்குது, வெயில் தரை வரைக்கும் விழுது. அந்த நேரத்துலதான் காட்டு மஞ்சள் பூக்கும். இலை பிறகுதான் வரும். அது அதோட வம்ச வழக்கம்.

இந்த மஞ்சளும் மண்ணை முட்டிக்கிட்டு மொட்டை மட்டும் வெளிய நீட்டுச்சு. கல்லு மேல இருந்த ஓணான் தலையை ஆட்டி ஆட்டிப் பாத்துச்சு.

"ஏம்மா தங்கச்சி, உடம்புல ஒரு இலை இல்ல, அதுக்குள்ள பூ கேக்குதா?"

"எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான் அண்ணே."

"அதைத்தானே காடே சொல்லிச் சிரிக்குது!"

மஞ்சளுக்குக் கூசிப் போச்சு. மொட்டை இறுக்கி மூடிக்கிட்டு, கிழங்குல இருந்த சத்தையெல்லாம் இலைக்குக் குடுத்துச்சு.

தேனீ வந்து, "திறக்கலையா? நான் வராம உனக்கு விதை ஏது?"ன்னு கேட்டுச்சு.

"கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஒரே ஒரு இலை"ன்னுச்சு மஞ்சள்.

அந்த இலை விரியுறதுக்குள்ள தேக்கும் தழைச்சுடுச்சு. தரையில வெளிச்சமே இல்ல. மஞ்சள் மெதுவா மொட்டைத் திறந்துச்சு. தேனீ உச்சாணிக்கு மேல எங்கேயோ பறந்து போற சத்தம் மட்டும் கேட்டுச்சு. கொஞ்ச நாள் காத்திருந்துட்டு, பூ இலைக்கடியிலயே அழுகி விழுந்துச்சு.

ஓணான் அந்தப் பக்கமா வந்து இலை மேல சாஞ்சுக்கிச்சு.

"எம்புட்டுப் பெரிய இலை தங்கச்சி! ஒத்தப் பூ பூத்திருந்தா இன்னும் எம்புட்டு நல்லாருந்திருக்கும்?"