நேராக ஓடும் ரோபோ

வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மேல் ரோபோ வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வளைவில்கூடத் தடுமாறவில்லை. நாளை அதைப் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டிய மூன்று பிள்ளைகளும், கடைப் பொம்மையைத் தொடக்கூடாது என்று மிரட்டப்பட்டவர்கள்போல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பயிற்சி கொடுக்கும் ஆசிரியைக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மூவரில் ஒருத்தியின் அப்பா, என்ஜினியர், வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறார்: "பிள்ளைங்க திணறுறாங்களேன்னு நேத்து நானே உட்கார்ந்து முழுசா மாத்திட்டேன் டீச்சர்." "நடுவர் வந்து இந்த மோட்டார் ஏன் இங்கேன்னு கேட்டா, நீங்களா சார் பதில் சொல்வீங்க?" "அதையும் சொல்லிக் குடுத்துட்டா போச்சு. ஜெயிச்சா போதாதா?" முகத்தில் அடித்தாற்போல் எதையோ சொல்ல ஆசிரியை வாயெடுப்பதற்குள், மகள் குனிந்து சுவிட்சை அணைக்கிறாள். ஜன்னல் வெயிலில் புதுச் சக்கரங்கள் பளபளத்துச் சுழன்று ஓய்கின்றன. அவள் காதுமடல் சிவந்திருக்கிறது, குரல் மட்டும் உயரவில்லை. "இது உங்களோடது. எங்களோடது எங்கேப்பா?" அப்பாவின் சிரிப்பு அப்படியே இருக்க, பார்வை மூலையிலுள்ள குப்பைக்கூடைக்குப் போகிறது. பிள்ளைகள் நீல நூல் சுற்றி இறுக்கியிருந்த பழைய சக்கரம் அதிலிருந்து எட்டிப் பார்க்கிறது. ஆசிரியை விறுவிறுவென்று போய்க் கூடையைத் தூக்கிவந்து, பலகையின் நட்டநடுவில், அப்பாவின் கண் முன்னாலேயே கவிழ்க்கிறார். பின்னால் கட்டியிருந்த ஆறு கைகளும் ஒன்றாகப் பாய்கின்றன.