வாஸ்து மீன்

சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வருமான வரியை முதலாளி கட்டவேயில்லை என்று நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மங்கையர்க்கரசிக்கு அலுவலக வரவேற்பறையில் இருந்த மீன் தொட்டிமேல் ஒரு கண். வாஸ்துவுக்கென்று முதலாளி வாங்கிவிட்ட முழ நீள மீன் ஒன்று அதில் தனியாகத் திரிந்தது. மேலெல்லாம் பொன்னிறச் செதில்கள். இதில் எந்தச் செதில் என் வரிப்பணம் என்று கண்ணாடியில் விரல் வைத்துத் தேடுவாள். விரல் போகும் பக்கமெல்லாம் மீனும் வரும்.

"சார் எப்படியும் கட்டிருவாரு மேடம். இப்போதைக்கு நீங்களே ஒருதடவை கட்டிடுங்களேன்" என்றார் அக்கவுண்டன்ட் செல்லையா.

வரி அலுவலகத்துப் பெண் சம்பளச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். "பிடிச்சதுக்குத்தான் சீட்டு இருக்கே. உங்ககிட்ட மறுபடி கேக்கக் கூடாது, பிடிச்சவர்கிட்டதான் கேக்கணும். எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தாள்.

ஒருநாள் காலை, முதலாளி மீனுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தபோது கோப்புகளோடு இருவர் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்தார்கள்.

"யாரும்மா இவங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

மங்கையர்க்கரசி தொட்டியைப் பார்த்தாள். இரையை விட்டுவிட்டு, மீன் வந்தவர்கள் பக்கம் திரும்பி நின்றிருந்தது.

"மீனைப் பாக்க வந்திருக்காங்க சார்."