லெஃப்ட் பேக் இடம்

பொன்னாடையின் சரிகை கழுத்தில் குத்தியது. அவள் அதை எடுக்கவில்லை. கணவருக்குப் போர்த்த வேண்டியது. ஆள் இல்லாததால் அவளுக்குப் போர்த்தியிருக்கிறார்கள்.

மைக்கில் அவர் பேர்தான். கஜேந்திரன், கஜேந்திரன் என்று ஒரே புகழ்ச்சி. வியாசர்பாடி ஞாயிற்றுக்கிழமை கால்பந்து அணிக்கு இருபத்திரண்டு வருடம் லெஃப்ட் பேக், இடது ஓரத்தைக் காத்தவர். மேட்சுக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டவர். வலை கிழிந்தால் உட்கார்ந்து தைத்தவர். எல்லாம் சரி. அத்தனை வருடமும் அத்தனை பேர் ஜெர்சியையும் துவைத்துக் காயப்போட்டது யார் என்று ஒரு வாய் சொல்லவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

களத்தில் எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், மெக்கானிக், பேங்கில் வேலை செய்கிறவர். தொப்பைமேல் அவள் துவைத்த ஜெர்சி. இன்று யாரும் சிரிக்கவில்லை.

இறந்தவருக்கு இந்த அணியில் ஒரு மரியாதை உண்டு. முதல் பந்தை அவர் நின்ற இடத்துக்கு உதைப்பார்கள். அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். பந்து உருண்டு ஓரக்கோட்டைத் தாண்டிப் போகும். ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். கை தட்டுவார்கள். அப்புறம்தான் புது ஆள் உள்ளே வருவார்.

விசில்.

கேப்டன் டில்லிபாபு உதைத்தார். பந்து இடது ஓரத்துக்கு உருண்டது. வேகமாகத்தான் போனது.

கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

வேகம் குறைந்து நிற்கவில்லை. யாரோ காலை வைத்து அமுக்கியதுபோல் சட்டென்று நின்றது.

அங்கே கல் இல்லை, பள்ளம் இல்லை.

கை தட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. எதிரணியில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

டில்லிபாபு அவளிடம் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, அண்ணன் போகாம நிக்கிறாரு. உங்க வாயால போன்னு சொல்லிடுங்க. அந்த ஒரு வார்த்தைதான். வேற எதையும் சேத்துச் சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

போ.

அவளுக்கு அந்தக் காலை நினைவு வந்தது.

முந்தின ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்றவர், விடிந்ததும் பூட்ஸை எடுத்தார். அவள் கத்தினாள். அவர் கேட்கவில்லை. வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்றார்.

அவள் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

மறுபடியும் சொன்னார்.

அவள் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார். படியில் பூட்ஸ் சத்தம். அவ்வளவுதான். இரண்டாவது பாதியில், இதே இடது ஓரத்தில் விழுந்தார் என்று சொன்னார்கள்.

பதில் கிடைக்காமல் போன மனுஷன். இப்போது பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

அவள் எழுந்து கோட்டருகே போனாள்.

பந்துக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் வியர்வை வாடை வந்தது. அத்தனை ஜெர்சியையும் குவித்துப் போட்டாலும் எது யாருடையது என்று மோந்தே சொல்லிவிடுவாள். இது யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பயமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது. ஐயோ, ஆசைதான் அதிகம்.

டில்லிபாபு உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினார். போ. போ.

அவள் அவரைப் பார்த்தாள். பந்தைப் பார்த்தாள். தெரிந்தேதான் சொன்னாள்.

"போயிட்டு வாங்க."

டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டார்.

பந்து அசைந்தது. கோட்டைத் தாண்டவில்லை. திரும்பி, நடுக்களத்துக்கு உருண்டது. அளந்து கொடுத்த பாஸ்.

யாரும் கை தட்டவில்லை.

புது ஆள் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரக் காலெடுத்தவர் பின்வாங்கிவிட்டார். அணியில் பத்துப் பேர்தான் நின்றார்கள். நடுவர் அவர்களை எண்ணினார். விரலை நீட்டி மறுபடியும் எண்ணினார்.

பதினொன்று சரியாக இருக்கிறது என்று சொல்லி, விசில் ஊதினார்.

அவள் மேட்ச் பார்க்க நிற்கவில்லை. வேலை கிடந்தது.

ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. பொன்னாடையை மடித்து வைத்தாள். தரையைத் துடைத்தாள். விளக்கேற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதுபோல் வெந்நீர் போட்டு, கல் உப்பு கலந்து, வாளியை வாசல் பக்கம் வைத்தாள். அவர் கால் வைக்க.

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அவருடைய பூட்ஸை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அங்கேதான் வைத்திருந்தாள்.

அந்த இடத்தில் காய்ந்த மண் மட்டும் கிடந்தது.

கீழே நாய் குரைத்தது. பாதியில் அடங்கியது.

படியில் பூட்ஸ் சத்தம். ஒவ்வொரு படியாக, களைத்துப்போன காலோடு. முதல் மாடி. இரண்டாவது மாடி. பக்கத்து வீட்டில் யாரோ அவசரமாகக் கதவைச் சாத்தினார்கள்.

வாசலுக்கு வெளியே சத்தம் நின்றது.

அவள் அடுப்படியில் இருந்தாள். இந்தத் தடவை திரும்பினாள்.

"மண்ணை வெளியவே தட்டிட்டு வாங்க. இப்பதான் தொடச்சேன்."



கொஞ்சம் கழித்து, கதவுக்கு அந்தப் பக்கம், இரண்டு பூட்ஸ் ஒன்றோடொன்று மோதின. ஒரு தடவை. இன்னொரு தடவை.