ஆணி அடிக்கக் கூடாத சுவர்

முப்பத்தொரு வருடம் ஒருநாள்கூட லீவு போடாததற்கு மில்லில் கொடுத்த சான்றிதழை, பிரேம் போட்டு எடுத்துவந்திருந்தார் குழந்தைவேலு. மகள் சுகிர்தாவின் வாடகை வீட்டில் அதை மாட்ட இடம் பார்த்தார்.

"ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார்ப்பா."

"காய்ச்சல்னு நேத்து லீவு போட்டியே. தினமும் உன் கண்ணுல இது படணும்."

"உங்க சம்பளத்துல நீங்க வீடே கட்டினீங்க. என் சம்பளத்துல ஒரு ஆணி அடிக்க முடியல."

அவர் பிரேமைச் சுவரில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் ஆபீஸ் கிளம்பிப் போனாள்.

சாயங்காலம் திரும்பியபோதும் அவர் அப்படியேதான் நின்றிருந்தார். மூடிவைத்த சோறு மூடியபடி இருந்தது.

"இறக்கி வைங்கப்பா."

"விட்டா விழுந்துரும்."

அவள் பக்கத்தில் போய், முதல்முறையாக அதை முழுசாகப் படித்தாள். அதிலிருந்த வருடங்களுக்கு நடுவில்தான் அவள் பிறந்திருந்தாள்.

"நான் பிறந்த அன்னைக்குமா போனீங்க?"

"ரெண்டாவது ஷிப்ட். முடிச்சிட்டுத்தான் வந்து உன்னைப் பார்த்தேன்," என்றார், சுவரைப் பார்த்தபடி. பிறகு ஒரு கையை எடுத்தார்.

பிரேம் அவள் பக்கமாகச் சரிந்தது. தோளிலிருந்த ஆபீஸ் பையை அவள் இன்னும் இறக்கியிருக்கவில்லை.