தூக்கம் வராதவரின் தொழில்

"என்னண்ணா இது? போன் போட்டு ஆளுங்களை எழுப்பி விடுறதா? இதெல்லாம் ஒரு தொழிலா?"

எழில்மொழிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த படிவம் கசங்கிவிட்டது. எர்ணாவூர் குடியிருப்பில் மூன்று மாடி ஏறி வந்த மூச்சே இன்னும் அடங்கவில்லை. அதற்குள் இப்படி ஒரு பதில்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த கருணாகரன் தலையைச் சொறிந்தார். விசைப்படகில் வேலை பார்த்தவர். வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டி, ஒரு கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. கொஞ்ச நாளில் மனைவியும் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். போனவள் போனவள்தான். இரண்டு வருடமாக மனிதர் தனிக்கட்டை.

"நீதானம்மா கிளாஸ்ல சொன்ன? வூட்ல இருந்துகினே சம்பாரிக்கணும்னா புச்சா எதையும் வாங்காத, உன்னாண்ட இன்னா கீதோ அத்த வில்லுன்னு. என்னாண்ட இன்னா கீது? ரவைக்கெல்லாம் கால் வலி, தூக்கமே வரல. அத்தத்தான் வித்துகினு கீறேன்."

எழில்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டிலிருந்தே சம்பாதிப்பது எப்படி என்று பேட்டை பேட்டையாக வகுப்பெடுப்பவள் அவள். கையில் இருப்பதை வைத்துத் தொடங்கு, பக்கத்து வீட்டுக்கு என்ன தேவை என்று பார், விலை சொல்லக் கூச்சப்படாதே என்று தொண்டை வறளச் சொல்வாள். அதைக் கேட்டு மசாலாப் பொடி அரைத்தும் நைட்டி தைத்தும் பிழைத்துக்கொண்டவர்கள் உண்டு. வகுப்புக்கு வந்தவர்களுக்கு, அதை நடத்தும் டிரஸ்ட்டில் ஒரு போனும் ஆறு மாத ரீசார்ஜும் கொடுத்திருந்தார்கள். தொழில் நடக்காதவரிடம் போனைத் திரும்ப வாங்கி, காத்திருக்கும் அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். அந்த வேலையாகத்தான் வந்திருந்தாள்.

"எத்தனை பேரு?"

"பதினாலு பேரு! ஆளுக்கு மாசம் அம்பது ரூபா. மீன் விக்கப் போறவங்கோ, ஷிப்டுக்குப் போறவங்கோ. மூணு மணிக்குப் போன எடுத்தா ஆறு மணி வரிக்கும் மூச்சு வுட டைம் கெடையாது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எல்லார் போன்லயும் அலாரம் இருக்குண்ணா. அதுக்கு யாரும் காசு கேக்கறதில்ல."

"அலாரத்த அமுக்கிட்டுப் பட்துப்பாங்கோ. என்னிய அமுக்க முடியுமா? எயுந்து குந்தி ரெண்டு வார்த்த பேசற வரிக்கும் வுட மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டு டப்பாவோடு பச்சையம்மா உள்ளே வந்தாள். எதிர்வீடு. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றுவிட்டு, அப்போதுதான் கூடையை இறக்கி வைத்திருந்தாள். கருணாகரன் எழுப்பிவிடும் பதினாலு பேரில் முதல் ஆள் அவள்தான்.

எழில்மொழி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை வருஷமாக்கா மீன் விக்கறீங்க?"

"அது ஆவுது கண்ணு, முப்பது வருசம்."

"முப்பது வருஷமும் இவரா எழுப்பி விட்டாரு?"

பச்சையம்மா முழித்தாள்.

"அப்பிடி இல்ல... வயசாவுதுல்ல? இப்பல்லாம் கொஞ்சம் அசந்துர்றேன்."

சின்னக் குழந்தைகூட நம்பாத பொய். எழில்மொழிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவம் பார்த்து ஆளுக்கு அம்பது போடுகிறார்கள். இந்த மனிதர் அதைச் சம்பாத்தியம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். எழுப்பத் தேவையில்லாதவர்களை எழுப்ப ஒரு போன் வேறு.

"அண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. இது தொழில் இல்ல. இரக்கப்பட்டுக் குடுக்கற காசு. நாளைக்கே நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க? கவர் ஒட்டற வேலைக்கு நானே சொல்லி ஏற்பாடு பண்றேன். போனைக் குடுங்க."

கருணாகரன் பச்சையம்மாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

அவர் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்து, லுங்கியில் துடைத்து நீட்டினார்.

"எட்த்துகினு போம்மா. நானும் நாலு பேருக்கு ஒதவியா கீறேன்னு நென்ச்சிகினு இருந்தேன்."

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் எழில்மொழி விறுவிறுவென்று படியிறங்கினாள். செய்தது சரிதான் என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

கீழே வருவதற்குள் பச்சையம்மா மூச்சு வாங்க ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"கண்ணு, உனுக்குப் புண்ணியமாப் போவும். அந்தப் போன அவனாண்டயே குட்த்துரு."

"உங்க நல்ல மனசு புரியுதுக்கா. ஆனா உண்மையைச் சொல்லுங்க. அவர் எழுப்பித்தான் நீங்க எழுந்திரிக்கணுமா?"

"இல்லதான். எனுக்கு ரெண்டு மணிக்கே முயிப்பு வந்துரும். போன மடில வெச்சிகினு குந்திகினு இருப்பேன். மத்த பேரும் அப்பிடித்தான்."

"அப்புறம் எதுக்குக்கா இந்த நாடகம்?"

பச்சையம்மா அண்ணாந்து மூன்றாவது மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன ஐப்பசில ஒரு நாளு, வெடிகாலைல, போய்ச் சேந்துரலாம்னு பாத்துட்டான். பன்னெண்டு மணி வரிக்கும் யாருக்கும் தெரில. கதவ ஒட்ச்சித்தான் தூக்கினு ஓடனோம்."

எழில்மொழி கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"தெனிக்கும் போயி 'நல்லா கீறியா'ன்னு கேட்டா அவனுக்கு ரோசம் வந்துரும். அதான் பதினாலு பேரும் பேசி, ஆளுக்கு ஒரு டைம் பிரிச்சிகினோம். எவன் டைமுக்குப் போன் வரலியோ, அவன் ஓடிப்போயி அந்தக் கதவத் தட்டணும்."