வாசனை மாறிய புற்று

போன மழையில் ஒரு மூலையில் புகுந்த தண்ணீர் பெரிய புற்று முழுவதையும் மூழ்கடித்தது. தப்பிய எறும்புகள் கூடிப் பேசின. இனி எல்லாம் ஒரே இடத்தில் வேண்டாம். குஞ்சுகளுக்கு ஒரு புற்று, தானியத்துக்கு ஒரு புற்று, காவலும், உள்ளே விட அடையாளமான வாசனையும் புற்றுக்குப் புற்று தனித்தனி என்று முடிவானது. ஒன்று போனாலும் இன்னொன்று பிழைக்குமே.

இரண்டுக்கும் நடுவே ஓடுகிற வேலை குறுணி என்ற எறும்புக்கு வந்தது. பழைய புற்றில் தலையைத் திருப்பினால் தானியம். இப்போது அரை நாள் நடை.

அன்று விடியும்போதே குஞ்சுகள் பசியில் நெளிந்தன. குறுணி மூச்சிரைக்கத் தானியப் புற்றுக்கு ஓடினாள்.

"உன் வாசனை செல்லாது. நேத்தே மாத்திட்டோம்" என்றாள் அங்கிருந்த காவல்காரி.

"எங்களுக்கு யாரும் சொல்லலையே அக்கா."

"ஆள் அனுப்பினோம். வந்து சேரலைன்னா நாங்க என்ன பண்ண?"

கெஞ்சிக் கேட்டபின் புது வாசனையை அவள்மேல் பூசி, ஒரு கம்பு மணியைக் கொடுத்தார்கள்.

பொழுது சாயத் திரும்பி வந்தாள். தன் புற்று வாசலில் காவல் நின்றவள் கூடப்பிறந்த செம்பிதான். முகர்ந்து பார்த்துவிட்டு வழியை அடைத்தாள்.

"செம்பி, நான்தாண்டி."

"முகம் தெரியுது. வாசனை வேற. விட்டா என்னைத்தான் கேப்பாங்க."

"உள்ளே குஞ்சுங்க பட்டினிடி."

"அது உள்ளே இருக்கிறவங்க பாடு. என் வேலை வாசல்."

குறுணி கம்பு மணியோடு வாசலிலேயே கிடந்தாள். உள்ளிருந்து வந்த குஞ்சுகளின் முனகல் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுபோனது.

அந்த நேரத்தில், புற்றுக்குப் புற்று போய் நலம் விசாரிக்கிற எறும்பு ஒன்று வழக்கம்போல வந்து தூரத்தில் நின்றது.

"தானியப் புத்துல எல்லாம் நல்லா இருக்கு. இங்கே?"

"வாசல்ல ஒரு குறையும் இல்லை" என்றாள் செம்பி.