பூம்பாறைக்கு வேறு விமானி

காட்டுத்தீக் காலம் தொடங்குமுன் தீயணைப்பு விமானங்களின் தண்ணீர்த் தொட்டிகளைச் சோதிப்பார்கள். இந்த வருடம் விமானிகளின் நெஞ்சையும் சோதித்தார்கள். மலையூர்களின் படங்களைக் காட்டும்போது எந்த ஊரைப் பார்த்து ஒருவரின் நெஞ்சு படபடக்கிறதோ, அந்த ஊருக்கு அவர் பறக்கக் கூடாது. இல்லாவிட்டால் வேண்டியவர்கள் கூரைமேலேயே தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுவார்களாம்.

ரெஜினாவுக்குப் பூம்பாறையைக் காட்டியதும் கருவி கீச்சிட்டது.

"அங்க யாரும்மா இருக்காங்க?" என்றார் டாக்டர்.

"யாரும் இல்ல சார்."

"மெஷின் அப்படிச் சொல்லலையே."

பூம்பாறையை வேறு விமானிக்குக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்தவள், விவாகரத்துக்குப் பிறகு முதன்முறையாகச் செல்வினைக் கூப்பிட்டாள்.

"இந்த வருஷம் உன் பக்கம் நான் வரல. புகையப் பாத்தா வீட்டப் பூட்டக்கூட நிக்காத, கீழ இறங்கிடு."

"ஏன், வேற யாரும் வரமாட்டாங்களா?"

"வருவாங்க. உன் வீடு எதுன்னு அவங்களுக்குத் தெரியாது."